இழை: ‘ஹித்ரொகேனோ’ கூட்டுச்சொல்லா, தனிச்சொல்லா? எஸ்பெராந்தோ தனிமப் பெயர்களை எப்படிப் பிரிப்பது?

களக்காடு_செவ்வாழை

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குத் தனிம அட்டவணை ஒன்று தயாராகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் தமிழ், ஆங்கிலம், லத்தீன், எஸ்பெராந்தோ என்று நாலு பெயர். எஸ்பெராந்தோ பெயரை மட்டும் சாய்கோடு போட்டு உறுப்பு உறுப்பாக உடைத்துக் காட்டணும் என்பது திட்டம். ஒருவர் திட்டமிட்டு உருவாக்கிய அந்த மொழியே சொற்களை ஒட்டி ஒட்டிக் கட்டுவதுதானே, பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும்.

முதல் கட்டத்திலேயே முட்டிக்கொண்டது. ஹைட்ரஜனுக்கு அவர்கள் சொல் ‘ஹித்ரொகேனோ’. தண்ணீருக்கு ‘அக்வோ’. அப்படியானால் ‘ஹித்ரோ’ எங்கிருந்து வந்தது? ஹித்ரோ/கேன்/ஓ என்று மூன்றாக உடைக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

(எழுதும் முறை: எல்லாம் தமிழெழுத்தில். வல்லினம் இரட்டித்தால் அழுத்தமான ஓசை, ஒற்றையாக வந்தால் நம் ‘அகம்’, ‘கதவு’ போல மெல்லோசை. எஸ்பெராந்தோவில் அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்திய அசையில் விழும், அந்த அசையை நெடிலாகப் போட்டிருக்கிறேன்.)

பாளை_நன்னூல்

உடைக்கக் கூடாது. ஹித்ரொகேன்/ஓ. ஒரே ஒரு சாய்கோடு, அதுவும் கடைசி ‘ஓ’வுக்கு முன்னால். ‘ஓ’ என்பது பெயர்ச்சொல் விகுதி. அதற்கு முன்னால் இருப்பது முழுவதும் ஒற்றை வேர்.

எந்தச் சொல்லையும் பிரிக்க இறங்குமுன் இந்த வரிசையில் போங்க. முதலில் வால். இரண்டாம் வேற்றுமைக்கு ‘ன்’, பன்மைக்கு ‘ய்’, அதற்கு முன் ஓ (பெயர்), ஆ (பெயரடை), ஏ (வினையடை), ஈ (வினைப்பெயர்). இவை கழன்றதும் வலமிருந்து இடமாக ஒட்டுகளைத் தேடுங்க. ‘இல்’ கருவி, ‘எய்’ இடம், ‘உல்’ அந்தத் தன்மை உடையவர், ‘எர்’ சிறு துணுக்கு, ‘ஆர்’ தொகுதி. ஒட்டு கழன்ற பிறகு மிஞ்சுவதை அகராதியில் தேடணும். மிஞ்சியது அகராதியில் வேராக இருக்கவும் வேண்டும், அந்தப் பொருள் முழுச்சொல்லின் பொருளோடு ஒட்டவும் வேண்டும். ரெண்டில் ஒன்று தவறினாலும் பிரித்தது தப்பு.

நல்ல கூட்டுச்சொல் ஒன்று: வர்மொமெசுரீலோ. ஓ கழன்றது. ‘இல்’ கருவி. ‘மெசுர்’ அளத்தல். ‘வர்மோ’ வெப்பம். வெப்பம் அளக்கும் கருவி, வெப்பமானி. நாலு உறுப்பும் தனித்தனியே அகராதியில் உண்டு, பொருளும் கணக்காக வருகிறது. இதே கருவிக்குத் தெர்மொமேத்ரோ என்றும் சொல் உண்டு. அதில் ஒன்றையும் உடைக்க முடியாது, கிரேக்கத்திலிருந்து கட்டாக வந்து இறங்கிய சரக்கு. ஹித்ரொகேனோ இந்த ரெண்டாவது சாதி.

உடன்குடி_கருப்பட்டி

அண்ணாச்சி, அதெப்படி? ஹித்ரொகேனோ, ஒக்சிகேனோ, நித்ரொகேனோ. மூணிலும் ‘கேன்’ நிக்குல்லா. ஒரே வால் மூணு சொல்லில் திரும்பத் திரும்ப வந்தால் அது உறுப்புதானே. நம்ம ஊர்ல நாலு பேருக்கு ‘பாண்டி’ன்னு முடிஞ்சா பாண்டி தனிச்சொல்லுன்னு சின்னப் பிள்ளை கூடச் சொல்லும்.

கங்கைகொண்டான்_அமிலம்

உடன்குடி கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு வேதியியல் பக்கத்து வரலாறு தெரியணும்.

1766இல் கேவெண்டிஷ் இந்த வாயுவைப் பிரித்து ஆராய்ந்தபோது அவர் வைத்த பெயர் ‘எரியும் காற்று’. அதை எரித்தால் தண்ணீர் கிடைக்கிறது என்பதை லவாய்சியே 1783இல் காட்டினார். 1787இல் அவரும் கூட்டாளிகளும் வேதியியலுக்குப் புதுப் பெயர்முறை வகுத்தார்கள். அங்கேதான் கிரேக்க ‘ஹியுதோர்’ (நீர்), ‘கென்’ (பிறப்பித்தல்) இரண்டையும் சேர்த்து, நீரைப் பிறப்பிப்பது என்ற பொருளில் பிரெஞ்சுச் சொல்லாக அமைத்தார்கள். ஆக்சிஜனும் அதே பட்டறை: ‘ஒக்ஸிஸ்’ புளிப்பு, அமிலம், அமிலத்தைப் பிறப்பிப்பது.

இந்த இரண்டாவது பெயர் வேதியியலாகவே தவறு. எல்லா அமிலத்துக்கும் ஆக்சிஜன்தான் காரணம் என்று லவாய்சியே நினைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஹைட்ரஜனும் குளோரினும் மட்டும்தான் உண்டு, ஆக்சிஜன் ஒரு துளி கிடையாது. 1810இல் டேவி குளோரின் ஒரு தனிமம் என்று நிலைநாட்டியதும் அந்தக் கருத்து கவிழ்ந்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஒக்சிகேனோவை ‘அமில/பிறப்பி’ என்று அட்டையில் உடைத்துப் போட்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பொய் சொல்லிக்கொடுத்ததாகும். உடைக்காமல் விட்டால் அது வெறும் பெயர், யாருக்கும் கேடில்லை.

இனி மொழிப் பக்கம். லவாய்சியேயின் பெயர்முறை வந்து சரியாக நூறு ஆண்டு கழித்து, 1887 சூலை 26இல் வார்சாவில், எஸ்பெராந்தோவை உருவாக்கிய சாமென்ஹோஃபின் முதல் நூல் வெளியாகிறது. அதற்குள் இந்தப் பெயர்களை ஐரோப்பிய மொழிகள் ரெண்டு விதமாக எடுத்துவிட்டன. பிரெஞ்சும் ஆங்கிலமும் கிரேக்கக் கட்டை அப்படியே வைத்துக்கொண்டன. ஜெர்மன் ‘வாஸர்ஷ்டோஃப்’ என்றது, அதாவது நீர்ச்சரக்கு. ரஷ்யன் ‘வதரோத்’ என்றது, நீர் பிறப்பி, நேர் மொழிபெயர்ப்பு. போலிஷ் ‘வோதுர்’, அதுவும் நீர் என்ற சொல்லிலிருந்து. சாமென்ஹோஃப் பிறந்து வளர்ந்த பியாலிஸ்டாக்கில் காதில் விழுந்த ரஷ்யன், போலிஷ், ஜெர்மன் எல்லாவற்றிலும் மொழிபெயர்ப்புப் பெயர்தான். அவர் நினைத்திருந்தால் அக்வோவிலிருந்து ஒரு சொல் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. லத்தீன் வழியாக உலகம் முழுக்க அறிவியலில் ஓடிய கட்டை, எழுத்தை மட்டும் மாற்றி எடுத்துக்கொண்டது அந்த மொழி.

பாளை_நன்னூல்

அக்கா சொன்னதற்கு விதி எண்ணும் சொல்லிவிடலாம். எஸ்பெராந்தோ இலக்கணம் 16 விதி. 11ஆம் விதி கூட்டுச்சொல்லுக்கு: சொற்களை அடுத்தடுத்து வைத்துச் சேர், முதன்மைச் சொல் கடைசியில் நிற்கட்டும். அங்கே காட்டும் எடுத்துக்காட்டு வப்பொர்ஷீப்போ, நீராவிக் கப்பல். 15ஆம் விதி அயற்சொல்லுக்கு: பெரும்பாலான மொழிகள் ஒரே ஊற்றிலிருந்து எடுத்த சொல்லை மாற்றமில்லாமல் எடு, எழுத்துமுறை மட்டும் நம்முடையதாக இருக்கட்டும், ஒரே வேரிலிருந்து பல சொல் வந்தால் அடிப்படைச் சொல்லை மட்டும் எடுத்து மீதியை நம் விதிப்படி உண்டாக்கு.

ஹித்ரொகேனோ 15இன் வழியாக உள்ளே வந்தது. வந்த பிறகு 11 அதன்மேல் வேலை செய்யும். ஹித்ரொகென்போம்போ என்றால் ஹைட்ரஜன் குண்டு. அது உண்மையான கூட்டுச்சொல்: ஹித்ரொகென்/போம்ப்/ஓ. உறுப்பு ரெண்டு வேர், ஒரு விகுதி. அதில் ஹித்ரொகென் பிரியாத ஒற்றைக் கல்.

உடன்குடிக்கு: மாற்றிப் போட்டுப் பாருங்க. வப்பொர்ஷீப்போவில் ‘வப்பொர்’ எடுத்துவிட்டுப் பாய் என்று பொருள்படும் ‘வெல்’ போடுங்க, வெல்ஷீப்போ, பாய்மரக் கப்பல். காற்று என்கிற ‘அயெர்’ போடுங்க, அயெர்ஷீப்போ, வான்கப்பல். வலப்பக்கத்தை மாற்றி வப்பொர்மஷீனோ, நீராவி எந்திரம். எந்தப் பக்கம் மாற்றினாலும் சொல் உயிரோடு நிற்கிறது. ஹித்ரொகேனோவில் ‘ஹித்ரோ’வுக்குப் பதில் பால், எண்ணெய், உப்பு எது போட்டாலும் ஒரு பொருளும் வராது. ஒக்சிகேனோவில் ‘ஒக்சி’ என்று எஸ்பெராந்தோவில் வேரே கிடையாது. மூன்று சொல்லின் வாலும் ஒன்றாய் இருப்பது கிரேக்கத்தின் கணக்கு. எஸ்பெராந்தோவின் கணக்குப் புத்தகம் வேறு.

உடன்குடி_கருப்பட்டி

சரி, அப்போ கன்த்செரொகேனா? புற்றுநோய் உண்டாக்குவது. ‘கன்த்சேரோ’ன்னா எஸ்பெராந்தோவிலேயே புற்றுநோய். முன்பாதி உள்ளூர் வேர். பின்பாதி அதே கேன். இதுக்கு என்ன பதில்?

பாளை_நன்னூல்

நல்ல இடத்தில் பிடித்தீங்க. இது ரெண்டுங்கெட்டான். முன்பாதி உயிருள்ள வேர், பின்பாதி அறிவியல் எழுத்தில் மட்டும் ஓடும் ஒட்டு. அறிவியல் ஒட்டு என்று தனியே ஒரு வரிசை வைத்துப் பிரிக்கிறவர்கள் உண்டு. முழுச்சொல்லையே வேராக எடுப்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் கன்த்செரொ/கேன்/ஆ என்று உடைக்கலாம், பொருள் கணக்காய் வருகிறதே. அந்த உரிமையை ஹைட்ரஜனுக்கு நீட்டக் கூடாது. ஏனென்றால் அங்கே முன்பாதி செத்த வேர். செத்தது மட்டுமில்லை, வேறொன்றாக உயிர்த்திருக்கிறது. அதுதான் வேடிக்கை:

‘ஹீத்ரோ’ என்று ஒரு சொல் எஸ்பெராந்தோ அகராதியில் தனியே இருக்கிறது. பொருள் தண்ணீர் இல்லை, ஹைட்ரா. கிரேக்கக் கதையில் வரும் பலதலைப் பாம்பு, அந்தப் பெயருள்ள சின்ன நீர்வாழ் உயிரி. ‘கேனோ’வும் தனியே இருக்கிறது. பொருள் மரபணு. ஆக ஹித்ரோ/கேன்/ஓ என்று உங்க அட்டையில் கோடு போட்டால், எஸ்பெராந்தோ தெரிந்த ஆள் அதை ‘ஹைட்ராவின் மரபணு’ என்று படிப்பார். தனிம அட்டவணையின் முதல் கட்டத்தில்.

களக்காடு_செவ்வாழை

ஆத்தாடி. நல்ல வேளை, கேட்டேன்.

பாளை_நன்னூல்

நமக்கு இது புதுசில்லை. பொதுமொழி என்று நன்னூல் சொல்வது இதைத்தான். ‘தாமரை’ ஒரு மொழியாக நின்றால் பூ. தா, மரை என்று பிரிந்தால் தாவுகிற மரைமான். ‘வேங்கை’ மரம், பிரிந்தால் வேகும் கை. ‘எட்டு’ எண், பிரிந்தால் எள்ளைத் தின். எது சரி என்று எழுத்து சொல்லாது, இடம்தான் சொல்லும்.

எஸ்பெராந்தோவில் இப்படி ஒரு பட்டாளமே உண்டு. கொலேகோ உடன் பணியாற்றுபவர். கொல்/எக்/ஓ என்று பிரித்தால் பெருங்கழுத்து. தியமாந்தோ வைரம், பிரித்தால் கடவுளை நேசிப்பவர். பனானோ வாழைப்பழம், பான்/ஆன்/ஓ என்றால் குளியல் சங்கத்து உறுப்பினர். (களக்காட்டுக்காரர் மன்னிக்கணும்.) சுக்கேரோ சர்க்கரை; சுக்/எர்/ஓ என்றால் ஒரு துளிச் சாறு. சர்க்கரையில் ஒரு மணியைச் சொல்ல இன்னொரு ‘எர்’ சேர்த்துச் சுக்கெரேரோ என்பார்கள். காட்டுக்கு ‘ஃபொரேஸ்தோ’ என்று எடுக்க முடியாமல் போனதும் இதனால்தான். அந்த இடத்தில் ஏற்கெனவே ஃபொர்/எஸ்த்/ஓ, அப்பால் இருத்தல், அதாவது இல்லாமை என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. காட்டுக்கு அர்ப்/ஆர்/ஓ, மரத்தொகுதி.

கங்கைகொண்டான்_அமிலம்

வேதியியலுக்குள்ளேயே இந்தக் கண்ணி நிறைய. அட்டவணை எழுதுகிறவர் கவனிக்க வேண்டியவை மட்டும்.

கார்போ என்றால் நிலக்கரி. கர்போனோ என்றால் கார்பன் தனிமம். ‘ஓன்’ என்பது எஸ்பெராந்தோவில் பின்ன ஒட்டு, து (இரண்டு) என்பதிலிருந்து துவோனோ, பாதி. அதனால் கர்ப்/ஓன்/ஓ என்று உடைத்தால் ‘நிலக்கரியில் ஒரு பங்கு’ போல ஒலிக்கும். 6ஆம் கட்டத்தில் கர்போன்/ஓ என்றுதான் வரணும். இன்னொரு தப்பு, கார்பன் டை ஆக்சைடை எழுதும்போது கர்போனா என்பதற்குப் பதில் கார்பா என்று போடுவது. அது நிலக்கரியின் ஆக்சைடு ஆகிவிடும். 86ஆம் கட்டத்து ரதோனோவும் அப்படியே. ராதோ என்றால் சக்கரம்.

ஆக்சைடுக்கு ஒக்சீதோ. ‘ஈத்’ என்பது குட்டிக்கான ஒட்டு, ஹுந்தீதோ என்றால் நாய்க்குட்டி. ஒக்சீதோ யாருடைய குட்டியும் இல்லை.

80ஆம் கட்டம்தான் எனக்குப் பிடித்தது. பாதரசம், எஸ்பெராந்தோவில் ஹித்ரார்கோ. கிரேக்க ‘ஹியுதோர்’, வெள்ளிக்கான ‘ஆர்கிரோஸ்’ சேர்ந்து, தண்ணீராய் ஓடும் வெள்ளி. குறியீடு எச்ஜி வந்ததும் அந்தச் சொல்லின் லத்தீன் வடிவத்திலிருந்துதான். வெள்ளிக்கு எஸ்பெராந்தோவில் அர்ஜேந்தோ, நீருக்கு அக்வோ. ரெண்டும் பக்கத்திலேயே இருந்தும் ஹித்ரார்கோவுக்குள் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. இதையும் பிரிக்க வேண்டாம்: ஹித்ரார்க்/ஓ.

19ஆம் கட்டம் கலீயோ, பொட்டாசியம். அரபியில் சாம்பலுக்கான சொல்லிலிருந்து வந்தது. உரக்கடையில் நாம் சாம்பல்சத்து என்று கேட்கிறோமே, அந்தச் சொல் அரபிக்குப் போகாமலே அதே பொருளுக்கு வந்து நிற்கிறது. எஸ்பெராந்தோ கற்கிறவருக்கு கலீயோ ஒரு சாம்பலையும் காட்டாது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்ற மூன்றும் தமிழில் நடந்த நல்ல சொல்லாக்கம், இழைக்கு வெளியே போனாலும் சொல்லிவைக்கிறேன்.

பணகுடி_காத்தாடி

கூட்டுச்சொல்லுக்கு நல்ல உதாரணம் வேணும்னா எங்க பக்கம் வாங்க. காற்றாலைக்கு எஸ்பெராந்தோவில் ரெண்டு சொல் கேள்விப்பட்டேன், வெந்தொமுவெலீலோ, வெந்தொமுவெலேயோ. எது சரி?

பாளை_நன்னூல்

ரெண்டும் சரி, பொருள் வேறு. வெந்தோ காற்று, முவெல் அரைத்தல். ‘இல்’ வந்தால் அரைக்கும் கருவி, ‘எய்’ வந்தால் அரைக்கும் இடம், கட்டடம். நம் ‘ஆலை’ ரெண்டையும் ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுகிறது.

ஆனால் பணகுடியில் நிற்பது எதையும் அரைப்பதில்லையே. அதற்கு வெந்தொதுர்பீனோ என்று எழுதுங்க. தமிழிலும் இதே வழுக்கல்தான்: ஆலை என்றால் பழைய இலக்கியத்தில் கரும்பு பிழியும் எந்திரம். காற்றாலையில் கரும்பும் இல்லை, மாவும் இல்லை. நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை, சொல் பழகிவிட்டது. எஸ்பெராந்தோவில் ஒட்டு ஒவ்வொன்றும் இன்னும் சூடாக இருப்பதால் அங்கே உறுத்தும்.

பணகுடி_காத்தாடி

அப்போ அந்த நடு ‘ஒ’? வெந்தொ-ன்னு வருது. வப்பொர்ஷீப்போவில் வப்பொரொ-ன்னு வரலியே.

பாளை_நன்னூல்

வப்போரோ என்ற சொல்லின் ஓ அங்கே உதிர்ந்துவிட்டது, வெந்தோவில் உதிராமல் நிற்கிறது. வாய்க்கு வசதி, அவ்வளவுதான். உதிர்ந்தால் மெய்கள் முட்டும் இடத்தில் வைத்துக்கொள்வார்கள். சங்கொப்ரேமோ என்றால் இரத்த அழுத்தம்; ஒ இல்லாமல் சொன்னால் ‘ங்க்ப்ர்’ என்று நாலு மெய் மோதும்.

உடன்குடி ஆளுக்கு இது கைவந்த கணக்கு. பனை, காய் சேர்ந்தால் பனைக்காய் ஆகாமல் நடுவில் ‘அம்’ வந்து பனங்காய். பனங்கிழங்கு, பனங்கற்கண்டு. பொருள் ஒன்றும் கூடவில்லை, ஒலிக்காக வந்த சாரியை. எஸ்பெராந்தோவின் நடு ஒவும் பெரும்பாலும் அதே வேலை. அட்டையில் பிரிக்கும்போது அதற்குத் தனிக் கோடு வேண்டாம், முன் உறுப்போடு சேர்த்துவிடுங்க.

ஒன்று மட்டும் கவனம். நடுவில் ‘ஒ’ அல்லாமல் ‘அ’ நின்றால் அது பொருளை மாற்றும். உனுத்தாகா என்றால் ஒரு நாள் நீடிப்பது. உனுஅத்தாகா என்றால் முதல் நாளைச் சேர்ந்தது. பரிசோதனைக் குறிப்பில் இதை மாற்றி எழுதினால் அளவெடுத்த நாளே குழம்பும்.

உடன்குடி_கருப்பட்டி

பனங்காய் சொன்னதும் சமாதானம் ஆயிட்டேன் அண்ணாச்சி. ஒண்ணு மட்டும் கேக்கேன். பெயரடையும் பெயரும் எப்போ ஒட்டும், எப்போ ஒட்டாது? கனநீருக்கு பேசா அக்வோன்னு ரெண்டு சொல்லாவும் பாக்கேன், பெசாக்வோன்னு ஒண்ணாவும் பாக்கேன்.

பாளை_நன்னூல்

பேசா அக்வோ என்றால் ‘கனமான நீர்’ என்ற விரி. பெசாக்வோ என்றால் ‘கனநீர்’ என்ற தொகை. பண்புத்தொகை போலத்தான், உருபு தொக்கி நின்றால் ஒரு பொருளின் பெயராக இறுகிவிடும். ஒலியும் மாறுகிறது: பிரிந்து நின்றால் ரெண்டு அழுத்தம், ‘பே’யிலும் ‘அக்’கிலும், ஒட்டினால் ஒரே அழுத்தம், ‘சாக்’கில்.

வரிசை மட்டும் மாறவே கூடாது. முதன்மை கடைசியில். ஆற்றுமணலும் மணலாறும் வேறு என்பது தாமிரபரணிக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கங்கைகொண்டான்_அமிலம்

கனநீரில் ‘கன’ என்பது உபசாரச் சொல் இல்லை. 25 பாகையில் சாதாரணத் தண்ணீர் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம், கனநீர் 1.1 கிராம். உறைநிலை 3.8 பாகை, கொதிநிலை 101.4. கனநீர்ப் பனிக்கட்டியைச் சாதாரணத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். அதனால் பிரித்து எழுதினாலும் ஒட்டி எழுதினாலும் பொருள் பிழைபடாது. தூத்துக்குடியில் கனநீர் ஆலை இருப்பதால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தெரிந்ததே, அட்டவணைக்குக் கீழே கூட்டுச்சொற்களுக்கு ஒரு பட்டி வைத்தால் அதில் போடலாம்.

கடின நீருக்கு இந்தச் சலுகை இல்லை. மல்மோலா அக்வோ: மோலா மென்மையான, ‘மல்’ எதிர்ப்பதம். மென்மையல்லாத நீர். திசையன்விளை பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காதே, அது மல்மோலா அக்வோ. உள்ளே இருப்பது கால்சியம், மக்னீசிய உப்பு. எடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாணவர்கள் பேசா என்றும் மல்மோலா என்றும் மாற்றி எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

இன்னொன்று, ஆவியாதல். வப்பொரீஜி என்றால் ஆவியாகு. வப்பொரீகி என்றால் ஆவியாக்கு. தன்வினை, பிறவினை. உப்பளத்தில் வெயிலுக்குத் தண்ணீர் வப்பொரீஜி. கருப்பட்டிக்குப் பதநீரைக் காய்ச்சுகிறவர் தண்ணீரை வப்பொரீகி. ஆகு, ஆக்கு போல ஒரே ஒலி வித்தியாசம். எழுத்தில் அந்த வித்தியாசம் ஒரு கூரைக்குறி மட்டும்.

டவுண்_அச்சகம்

கூரைக்குறி என்றதும் உள்ளே வருகிறேன். அட்டவணையை ஃபிளெக்ஸில் அடிக்கப் போகிறீர்கள் என்றால் இதை முதலில் படிங்க.

எஸ்பெராந்தோவில் தலைக்குறி எழுத்து ஆறு. ஐந்துக்குக் கூரை, ‘உ’வுக்கு மட்டும் பிறைக்குழி. கடைகளில் தமிழை இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கிறார்கள். அதில் லத்தீன் எழுத்தின் இடத்தில்தான் தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கும். எஸ்பெராந்தோ வரியை அதே எழுத்துருவில் ஒட்டினால் தமிழ் எழுத்துகள் சம்பந்தமில்லாமல் கொட்டும். எழுத்துருவை ஆங்கிலத்துக்கு மாற்றினால் சாதா எழுத்து வரும், கூரை போட்டது கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ நிற்கும். அடிக்கிறவர் அதை அழித்துவிட்டு கூரையில்லாத எழுத்தைத் தட்டிவிடுவார். அக்கா சொன்ன ஆகு, அங்கேயே ஆக்கு ஆகிவிடும்.

செய்ய வேண்டியது: எல்லாவற்றையும் யூனிகோடில் அடிங்க. விசைப்பலகையில் கூரை இல்லையென்றால் எழுத்துக்குப் பின்னால் எக்ஸ் போட்டு அடித்து, கடைசியில் ‘தேடி மாற்று’ கொடுங்க. எஸ்பெராந்தோவில் எக்ஸ் என்ற எழுத்தே கிடையாது, அதனால் பிசகாது. எக்ஸுக்குப் பதில் எச் போடும் பழைய வழக்கமும் உண்டு. அதை எடுக்காதீங்க. ஃப்லுக்ஹவேனோ என்ற சொல்லில் (ஃப்லுக் பறத்தல், ஹவேனோ துறைமுகம், விமான நிலையம்) கூட்டின் எல்லையில் ஜியும் எச்சும் இயல்பாகவே அடுத்தடுத்து நிற்கும். ‘தேடி மாற்று’ அதையும் கூரை எழுத்தாக்கிச் சொல்லைக் கெடுத்துவிடும்.

கடைக்கு அனுப்பும்போது பிடிஎஃப், எழுத்துரு உள்ளடக்கியது. கோரல்டிராவில் கொடுப்பதென்றால் எழுத்தைக் கர்வ்ஸ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கிக் கொடுங்க, மூலக் கோப்பு தனியே இருக்கட்டும். பிறகு திருத்த முடியாது. தனிமப் பெயர்களில் கட்டாயம் சோதிக்க வேண்டியது 47 அர்ஜேந்தோ (கூரை), 63 எவ்ரொப்பீயோ (பிறைக்குழி).

களக்காடு_செவ்வாழை

எல்லோருக்கும் நன்றி. அட்டைக்கு இப்படி வைத்திருக்கிறேன், பிழை இருந்தால் அடிக்குமுன் சொல்லுங்க. தனிமக் கட்டங்களில் விகுதிக்கு முன் ஒரே கோடு. ஹித்ரொகேன்/ஓ, கர்போன்/ஓ, ஒக்சிகேன்/ஓ, கலீ/ஓ, ஃபேர்/ஓ, அர்ஜேந்த்/ஓ, ஹித்ரார்க்/ஓ. கிரேக்க மூலம் கோட்டுக்குள் வராது, கட்டத்தின் அடியில் சாய்வெழுத்தில்: ‘1787, கிரேக்கம்: நீர், பிறப்பித்தல்’. கீழே தனிப் பட்டியில் கூட்டுச்சொற்கள்: வர்மொ/மெசுர்/ஈல்/ஓ, பெஸ்/ஆக்வ்/ஓ, ஹித்ரொகென்/போம்ப்/ஓ, மம்/ஊல்/ஓ.

உடன்குடி_கருப்பட்டி

கடைசியா என்னது, மாமூலா? அதையுமா அட்டையில போடுதிய?

பாளை_நன்னூல்

மமூலோ, பாலூட்டி. மாமோ முலை, ‘உல்’ அதை உடையது. ‘உல்’ முதலில் ஆளுக்குத்தான் வந்தது, உயிரியல்காரர்கள் விலங்குக்கும் நீட்டினார்கள். அட்டையில் இருக்கட்டும்.

களக்காடு, ரெண்டு திருத்தம். கலீயோவின் வேரில் ‘ஈ’ உண்டு, அதற்கும் விகுதிக்கும் நடுவில் நம் எழுத்தில் யகர உடம்படுமெய் வரும். தமிழ் வரியில் கலீ/யோ என்று பிரிக்காதீங்க, யகரம் லத்தீன் எழுத்தில் கிடையாது. நீங்க போட்ட கலீ/ஓ சரி, அச்சுப் பார்க்கிறவர் ‘திருத்தி’விடாமல் பாருங்க.

இரண்டாவது பெசாக்வோ. பெஸ்/ஆக்வ்/ஓ என்று எழுதினால் மேல்வரியில் ‘ச’வும் கீழ்வரியில் ‘ஸ’வும் வருகிறது. ஒன்றை எடுத்துக்கொள்ளுங்க. அந்த ஒலி லத்தீன் எழுத்தில் இஸட். தமிழில் எதைப் போட்டாலும் குறைதான், மாறாமல் போடுங்க.

களக்காடு_செவ்வாழை

‘ச’வே இருக்கட்டும். பெச்/ஆக்வ்/ஓ என்று ஆகிவிடுகிறதே?

பாளை_நன்னூல்

ஆமா, அது கொடூரமா இருக்கு. எல்லா இடத்திலும் ‘ஸ’ போட்டுடுங்க. பெஸாக்வோ, மெஸுரீலோ.

டவுண்_அச்சகம்

கோப்பு அனுப்புமுன் அதையும் ‘தேடி மாற்று’ கொடுத்துடாதீங்க. ஒக்சிகேனோவில் இருப்பது வேறு ‘ச’. ஒவ்வொன்றாகக் கையால் பாருங்க.